மைனஸ் பதினெட்டு

செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் முதலில் நாற்காலியைத் தேடுவார். வெயில் நாளானால் மின்விசிறியைத் தேடுவார். என் சகலை தேடுவது ஃப்ரிட்ஜை. வீட்டுக்காரர் "வாங்க, வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் சமையலறையில் நிற்பார். மேல் கதவைத் திறப்பார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்திலிருந்து ஒரு வெப்பமானியை உருவி, ஐஸ்கிரீம் டப்பாவுக்கும் பட்டாணிப் பொட்டலத்துக்கும் நடுவே செருகுவார். கதவை மூடிவிட்டு இரண்டு நிமிஷம் கைகட்டி நிற்பார். மறுபடி திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

"மைனஸ் பதினொண்ணு. ம்ஹூம்."

அதன் பிறகுதான் "எல்லாரும் சௌக்கியமா?" என்ற கேள்வி வரும்.

ஃப்ரீசர் என்றால் மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டும். இதை அவர் எங்கள் குடும்பத்தில் சொல்லாத ஆள் இல்லை, சொல்லாத நாள் இல்லை. அதனால் அவர் பெயரே 'மைனஸ் பதினெட்டு' ஆகிவிட்டது. அவசரத்துக்கு 'மைனஸ்'. "மைனஸ் வந்துட்டாரு, கதவைச் சாத்து" என்று யாராவது சொன்னால் வாசல் கதவைச் சாத்துவதா ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்துவதா என்று கேட்கத் தேவையில்லை. இரண்டையும் சாத்துவார்கள்.

இறைச்சியும் மீனும் அடுக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். உள்ளே பனிக்காலம், வெளியே கோடைக்காலம் என்று ஒரு நாளைக்கு இருபது தடவை பருவம் மாறிய உடம்பு. ஜலதோஷம் மட்டும் பிடித்ததில்லை. "அதுக்கு எந்தப் பக்கம் வர்றதுன்னு குழப்பம்" என்பார். ஒருமுறை வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, பையிலிருந்து வெப்பமானியை எடுத்துப் படிவத்தின்மேல் வைத்து அழுத்தியிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண், "சார், எனக்குக் காய்ச்சல் இல்ல" என்றாளாம்.

அவர் மனைவி என் மனைவிக்கு அக்கா. அந்த வீட்டு ஃப்ரீசரைத் திறந்தால் நூலக அலமாரியைத் திறந்தது போலிருக்கும். கறி எதுவும் உருண்டையாக இருக்காது. ஒரு வேளைக்கு ஒரு பை; பைக்குள் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, சிலேட்டுப் பலகை மாதிரி தட்டையாக்கி, நிற்க வைத்திருப்பார் சகலை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் தேதி. ஐஸ் தட்டுக்கும் தேதி உண்டு. "என் பொறந்த நாள் இவருக்கு ஒரு வருஷமும் ஞாபகம் இருந்ததில்ல. கோழி உள்ள போன நாள் கேளுங்க, கிழமையோட சொல்லுவாரு" என்பார் அந்த அக்கா. சமைப்பதற்கு முதல் நாளே பை ஃப்ரீசரிலிருந்து இறங்கி, ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டில் ஒரு தாம்பாளத்தில் படுத்துக்கொள்ளும். அந்த வீட்டில் நாளைக்கு என்ன சாப்பாடு என்பது இன்றைக்கே முடிவாக வேண்டும். மனசு மாறுவதற்கு அனுமதியில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு மச்சினனாக வாய்த்தவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எதிர்பாராத ஆபத்துகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர். சென்ற மாதம் புது வீடு கட்டி முடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, நெருங்கிய சொந்தங்கள் இருபத்தெட்டுப் பேருக்குச் சாப்பாடு என்று அழைத்திருந்தார். கோழியை முந்தின வாரமே வாங்கியாயிற்று. எட்டுக் கிலோ. எட்டுப் பொட்டலமாக வந்ததை, இடம் அடைக்கிறது என்று பிரித்து ஒரே பெரிய பையில் கொட்டி, தோளால் முட்டி ஃப்ரீசருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அது வெளியே வந்தபோது கோழியாக வரவில்லை. அம்மிக்கல்லாக வந்தது. ஃப்ரீசரின் உள்சுவர் எப்படியிருக்குமோ அந்த அச்சு அப்படியே ஒரு பக்கம் பதிந்திருந்தது. மறுபக்கம் ஐஸ் தட்டு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

சமையலறையில் அவசரக் கூட்டம் கூடியது. கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடலாம் என்றார் மாமியார். அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லை. என் மனைவி பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தாள். மாமனாருக்கு எண்பது வயது; எதையும் சுற்றி வளைத்துச் செய்வது பிடிக்காது. "ஒரு ஆள் உசரத்துலேருந்து போட்டா ரெண்டா உடையும். இதுக்குப் போய் மாநாடு" என்றார். மச்சினன் தலைக்குமேல் தூக்கிப் போட்டார். உடைந்தது. கறி அல்ல, புது டைல்ஸ். நடுவில் நட்சத்திரம் போல விரிந்த கீறலை எல்லோரும் குனிந்து பார்த்தோம். மாமனார் மட்டும் நிமிர்ந்தே நின்று, "டைல்ஸ் மட்டம்" என்றார்.

அதற்குப் பிறகு கல்லை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். பிளாஸ்டிக் விரிப்பில் வெயிலைப் பார்க்க வைத்தோம். மச்சினன் ஸ்க்ரூ டிரைவரை ஒரு இடுக்கில் ஊன்றிச் சுத்தியலால் தட்டினார். மூன்றாவது அடியில் அது வழுக்கி அவருடைய இடது கட்டைவிரலைக் கிழித்தது. அவர் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஊன்றினார். நீளமான ஒயர் போட்டு மாடிவரை இழுத்த ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மைனஸ் அப்போதுதான் வந்தார். பஸ் தாமதம். வழக்கப்படி ஃப்ரிட்ஜுக்குப் போயிருக்கிறார். ஃப்ரீசர் காலி. "எங்க?" என்று கேட்டிருக்கிறார். என்ன எங்கே என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பெண்கள் எல்லோரும் ஒன்றாக மேலே பார்த்திருக்கிறார்கள்.

மாடிப்படி ஏறி வந்தவர் முதலில் ஹேர் டிரையரின் சுவிட்சை அணைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெப்பமானியைக் கல்லின் வெளிப்புறத்தில் ஒட்டிப் பிடித்தார். பிறகு அதன் கம்பியை நடுவில் குத்திப் பார்த்தார்.

"எத்தன நேரமா வெயில்ல இருக்கு?"

"இருபது நிமிஷம் இருக்கும் அத்தான்" என்றார் மச்சினன்.

"தப்பிச்சீங்க. மேல பதினாலு டிகிரிதான். நடுவுல கம்பியே எறங்கல. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா, வெளிய வெந்நீர்க் குளியல், உள்ள பனிமலை. நடுவுல கிருமிங்க எல்லாம் பந்தி போட்டு உக்காந்திருக்கும். அப்புறம் வேக வச்சாலும் அதுங்க கக்கிட்டுப் போன விஷம் போகாது. உருகுறதும் கெட்டுப்போறதும் ஒரே பஸ்ல வர்ற ஆளுங்க தம்பி. நாமதான் ஒருத்தர மட்டும் இறக்கிக்கணும்."

பிறகு மச்சினனின் விரலைப் பார்த்தார். "அந்தக் கைய இனிமே இது பக்கம் கொண்டு வராதீங்க. நீங்களும் கெடுவீங்க, கறியும் கெடும்."

மூச்சு வாங்கியபடி மாடி ஏறி வந்திருந்த மாமனார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்த விஷயத்துல அவருக்கு அனுபவம் ஜாஸ்தி" என்றார்.

அந்த அனுபவம் என்னவென்று குடும்பம் முழுக்கத் தெரியும். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோதே சொல்லிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்பு சகலையின் கல்யாண விருந்துக்குக் கோழி அவருடைய கிடங்கிலிருந்துதான் வந்தது. அப்போது வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம். நல்ல சரக்காகப் பொறுக்கி அனுப்பியிருந்தார். அது இதே மாதிரி கட்டியாக வந்து இறங்கியது. என்ன செய்வது என்று சமையல்காரர் கேட்டதற்கு, மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவர், "பின்னால வெயில்ல விரிச்சுடுங்க. மத்தியானத்துக்குப் பதமாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போட்டோவுக்கு நிற்கப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரியில். கையில் மருதாணியோடு சலைன் ஏறிக்கொண்டிருந்த மணப்பெண் ஒருத்தி. அடுத்த கட்டிலில் அவள் அப்பா. வந்தவர்களை உபசரித்தே நேரம் போனதால் அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்த ஒரே ஆள் மாப்பிள்ளை. அவர் மட்டும்தான் பட்டுச் சட்டையோடு இரு கட்டில்களுக்கும் நடுவே நிமிர்ந்து நின்றாராம். மாமனார் அதை மறக்கவில்லை. ஒருவர் மறந்துவிட்டால் ஞாபகப்படுத்தவும் தவறியதில்லை.

மைனஸ் வெப்பமானியைப் பைக்குள் செருகினார். கல்லை விரிப்போடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் என்னைத் திரும்பிப் பார்த்து, "சகலை, போய் ஒரு ஐஸ் பாளம் வாங்கிட்டு வாங்க" என்றார்.

"ஐஸா? இத உருக்கவா?"

"தொட்டித் தண்ணி முப்பத்திரண்டு டிகிரி இருக்கும். அது குளியலுக்கு. இதுக்குப் பச்சத் தண்ணி வேணும், சில்லுன்னு."

அப்படியாக, ஐஸை உருக்குவதற்கு ஐஸ் வாங்கப் போன முதல் மனிதன் ஆனேன். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு பாளம் போதுமா?" என்று கேட்டார். வியாபாரி அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் திரும்பி வந்தபோது சமையலறை அறுவைசிகிச்சைக் கூடமாகியிருந்தது. புது வீட்டுக்கென்று வாங்கிய துணி ஊறவைக்கும் பெரிய டப்புகள் இரண்டு, சோப்புப் போட்டுக் கழுவித் தயாராக இருந்தன. கல்லை இரண்டு பைகளுக்குள் போட்டுத் தண்ணீர் உள்ளே போகாதபடி முடிச்சுப் போட்டிருந்தார். ஐஸ் மிதக்கும் தண்ணீரில் அதை முக்கி, மேலே குழவிக்கல்லை வைத்தார். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும் என்று செல்ஃபோனில் அலாரம் வைத்தார். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் மூன்றையும் ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் மனைவியிடம் கொடுத்தார்.

"எத்தன மணிக்குச் சாப்பாடு?" என்று மாமனார் கூடத்திலிருந்து கேட்டார்.

"நாலு மணி ஆகும் மாமா."

"நாலு மணிக்குச் சாப்பிட்டா அதுக்குப் பேரு சாப்பாடா, டிபனா?"

முதல் துண்டு நாற்பது நிமிஷத்தில் நெகிழ்ந்தது. பையைப் பிரித்து, மரக்கரண்டியின் மழுங்கின காம்பை இடுக்கில் நுழைத்து, நெம்பாமல் லேசாக அசைத்துக்கொண்டே இருந்தார். ஒரு கால் துண்டு முழுசாகக் கையோடு வந்தது. அதை உயர்த்தி எங்களுக்குக் காட்டினார். மற்றதை மறுபடி முடிந்து தண்ணீரில் விட்டார். பிரிந்த துண்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டில் சேர்ந்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்குப் போயின. ஒரு பாத்திரத்துக்கு ஆனவுடன் அக்கா அடுப்பில் ஏற்றினார். தொடுகிற ஒவ்வொரு தடவையும் சகலை கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அன்று அந்த வீட்டில் ஒரு முழு சோப்பு கரைந்தது.

பன்னிரண்டரைக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்டது.

"இழுக்காதீங்க. தானா வரட்டும். இன்னொரு கால் தெரியுது பாருங்க."

"முடியலங்க" என்றது அக்காவின் குரல்.

"பொறுத்துக்க. பாதி தாண்டிட்டோம். தண்ணி மாத்துங்க, தண்ணி!"

புதிதாக வந்திருந்த ஒரு சித்தி பதறி எழுந்து என் மனைவியின் கையைப் பிடித்தார். "யாருக்கு? எத்தனாவது மாசம்? ஏன்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம?"

ஒரு மணிக்குப் பிஸ்கட் பொட்டலம் சுற்றி வந்தது. ஒன்றரைக்கு அதுவும் தீர்ந்தது. புது வீட்டைச் சுற்றிப் பார்க்க விரும்பியவர்கள் மூன்று தடவை சுற்றிப் பார்த்தார்கள். மூன்றாவது சுற்றில் குறைகள் கண்ணில் படத் தொடங்கின. டைல்ஸ் கீறலை மறைக்கப் போட்டிருந்த கால்மிதியை ஒருவர் தூக்கிப் பார்த்தார். மச்சினன் வியர்வையோடு சமையலறைக்குள் வந்தார்.

"அத்தான், மானம் போகுது. ஹோட்டல்ல சொல்லிடலாமா?"

"தாராளமா. அவங்க கறிய எப்படி உருக்கினாங்கன்னு மட்டும் கேட்டுட்டுச் சொல்லுங்க தம்பி."

மச்சினன் செல்ஃபோனைக் கையில் எடுத்தார். தன் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய், "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும் இல்லையா?" என்று கூடத்தைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் ஆக்கவே இல்லையேப்பா" என்றார் மாமனார்.

நான்கு மணி பத்து நிமிஷத்துக்குப் பந்தி போட்டார்கள். அதற்குமுன் மைனஸ் ஒவ்வொரு பாத்திரத்திலும் தடிமனான துண்டாகப் பார்த்துக் கம்பியைச் செருகி, எழுபத்தைந்து தாண்டியதா என்று பார்த்தார். ஒரு பாத்திரம் எழுபதில் நின்றது. அதை மறுபடி அடுப்புக்கு அனுப்பினார். அப்போது கூடத்திலிருந்து எழுந்த சத்தத்தை நான் எழுத்தில் கொடுக்க முடியாது.

சாப்பிட்டார்கள். பசி ருசி அறியாது என்பார்கள், இவர்கள் அறிந்தார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஒரு மணிக்கு இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று சித்தி தீர்ப்புச் சொன்னார். மாமனார் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் மூன்று முறை வாங்கிக்கொண்டார். சமைத்த அக்காவைப் பாராட்டினார்கள், வீட்டைப் பாராட்டினார்கள், ஐஸ் தூக்கி வந்த என்னைக்கூட ஒருவர் தட்டிக்கொடுத்தார். வராத வயிற்றுவலிக்கு யார் நன்றி சொல்வார்கள்? அது சகலைக்கும் தெரியும் போலிருக்கிறது. கடைசிப் பந்தியில் தனியாக உட்கார்ந்து வேகமாகச் சாப்பிட்டார். மீந்ததை உடனே தட்டையான டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜுக்குள் அடுக்கினார். வாசலில் செருப்பு மாட்டும்போது மாமனார் மகனிடம், "அடுத்த தடவ பெரிய மாப்பிள்ளைக்கு நேரத்த மாத்திச் சொல்லு. சாப்பிட்ட பிறகு வரட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தோம். சகலையும் சிரித்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் சகலை வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை நான் காபியோடு கூடத்துக்கு வந்தபோது அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்த இருபத்தெட்டுப் பேர் பட்டியலை வைத்துக்கொண்டு ஃபோன் செய்துகொண்டிருந்தார்.

"வணக்கம். வயிறு எப்படி இருக்கு? இல்ல, சும்மாதான். காலைல போனீங்களா? எப்பவும் போலத்தானா? சரி, வச்சுடறேன்."

ஒரு பெயருக்கு நேரே ஒரு டிக்.

"எந்த விருந்துக்குப் போனாலும் மறுநாள் இதுதான். முப்பத்தொரு வருஷமா" என்றார் அக்கா, காய் நறுக்கியபடி. "சொன்னாக் கேக்க மாட்டாரு."

இந்த விசாரணையால் நன்மை விளைந்ததாகச் சொல்ல முடியாது. "ஏன் கேக்கறீங்க? கறியில ஏதாவதா?" என்று முதலில் சித்தி பயந்தார். பயந்தவர் இன்னும் இரண்டு பேருக்குச் சொன்னார். பத்து மணிக்குள் நன்றாக இருந்த ஐந்து பேருக்கு லேசாக வயிற்றைப் புரட்டத் தொடங்கியது. கோழி செய்யாததை ஃபோன் செய்தது. அந்த ஐந்து பேரையும் மறுபடி அழைத்து, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, எத்தனை முறை என்று கேட்டு, ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் டிக் போட்டார். சித்தியை அவர் மூன்று முறை அழைத்தார். மூன்றாவது முறை சித்தி குணமாகிவிட்டதாகச் சத்தியம் செய்தார்.

பதினொரு மணிக்குப் பட்டியலில் டிக் இல்லாமல் ஒரே வரி மிஞ்சியது. மாமனார். பேனாவின் முனையை அந்த வரிக்கு நேரே வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

"நீ கேட்டுடேன்" என்றார் மனைவியிடம்.

"எப்பவும் நான்தான் கேக்கணுமா? உங்களுக்கு வாய் இல்ல?"

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் பெரிய மாப்பிள்ளையிடம் நேராக ஃபோனில் பேசியதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான். சகலை எண்ணைத் தேடி எடுத்தார். அழுத்தாமல் வைத்தார். மறுபடி எடுத்தார். அவர் விரல் அதன்மேல் படுவதற்குள் ஃபோனே அலறியது. திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எடுத்துக் காதில் வைத்தார்.

மாமனாருக்குக் காது மந்தம். அதனால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். கூடத்தில் உட்கார்ந்திருந்த என் காதிலும் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"மாப்பிள்ளை, நான்தான். இங்க எங்க ஃப்ரீசர்ல மீனும் கறியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. உங்க அத்தை கத்தியத் தூக்கிட்டு நிக்கிறா. நான் வேணாம்னு புடிச்சு வச்சிருக்கேன். இப்ப மொதல்ல என்ன பண்ணணும்? நிதானமாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சகலை எழுந்து நின்றார். ஃபோனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த கைலியை வலது கையால் அவிழ்த்து, கணுக்கால் வரை இறக்கிவிட்டார்.